மலைக்குளிரில் நகராத வண்டி

கியர் கம்பியை இழுத்துப் போட்ட பிறகு வண்டி நகர எத்தனை ‘சரவணபவ’ ஆகிறது என்று நான் எண்ண ஆரம்பித்தது ஒரு கார்த்திகை மாதத்தில். என் கையில் கடிகாரம் கிடையாது. முருகன் பெயரை ஒரே சீராகச் சொன்னால் அதுவே எனக்குக் கணக்கு. கார்த்திகை முதல் வாரம் இரண்டு ஆயிற்று. மாதக் கடைசியில் நான்கு. மார்கழி பிறந்து புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பிடித்த ஒரு காலையில் ஒன்பது. அந்த ஒன்பது முடிகிற வரைக்கும் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும், வண்டி நடுங்கும், ஆனால் சக்கரம் அசையாது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளினதுபோல் ஒரு குதி குதித்து ஓடும்.

அது பெரிய அமெரிக்கக் கார். கிளட்ச் கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். அதை முன்னால் போகிற எழுத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டால் போதும், கியர்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். அந்தக் காலத்தில் போடியில் அப்படி ஒரு வண்டி அது ஒன்றுதான். என் முதலாளிக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். மதுரையில் ஒரு கம்பெனியிடம் அதை இரண்டாங்கையாக வாங்கியிருந்தார். இரண்டு வருடத்துக்கு என்ன கோளாறு வந்தாலும் தாங்களே பார்த்துத் தருவதாக அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நான் சிலமலைக்காரன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. லாரியில் கிளீனராகப் போய், லைசென்ஸ் எடுத்து, இந்த வண்டிக்கு டிரைவராக வந்தேன். ஆவணியிலிருந்து தை வரை காய் எடுக்கிற காலம். முதலாளி தோட்டத்து பங்களாவிலேயே தங்கிவிடுவார். வண்டி இருக்கிற இடத்தில் டிரைவர் இருக்க வேண்டும். ஷெட்டை ஒட்டி ஒரு அறை எனக்கு. வீட்டுக்காரியும் ஐந்து வயசு மகளும் கீழே ஊரில்.

தோட்டத்தில் இருநூறு பேர் வேலை செய்தார்கள். ஆனாலும் எனக்குப் பேச ஆள் கிடையாது. லயத்து வீடுகளில் இருக்கிற கூலி ஜனங்களுக்கு நான் முதலாளி வண்டி ஓட்டுகிறவன், என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆபீஸ்காரர்களுக்கு நான் டிரைவர். சமையல்கட்டில் எல்லாருக்கும் ஒன்றாகச் சமைப்பார்கள். மகளுக்கு இரண்டு வயசில் காய்ச்சல் வந்து கண் சொருகிக் கிடந்தபோது, பிழைத்தால் கறி மீன் தொடமாட்டேன் என்று பழனியாண்டவருக்கு வேண்டிக்கொண்டவன் நான். அதனால் தனியாகப் பொங்கி, தனியாகச் சாப்பிடுவேன். மத்தியானம் மேகம் விலகினால் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்ப்பேன். போடி தெரியும். அதற்குத் தெற்கே ஒரு பச்சைத் திட்டை எங்கள் ஊர் என்று வைத்துக்கொள்வேன். அது எங்கள் ஊர்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒன்பது சரவணபவ ஆன அந்தக் காலையில் காய் வாங்க வந்த வியாபாரிகள் இரண்டு பேர் முற்றத்தில் நின்றிருந்தார்கள். முதலாளி வண்டியில் ஏறி உட்கார்ந்து, “போலாம்ப்பா” என்றார். நான் கம்பியைப் போட்டேன். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வியாபாரிகளில் ஒருவர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

“என்ன மொதலாளி, வண்டிக்கு இன்னும் தூக்கம் தெளியலையா?”

“காப்பி கீப்பி ஏதாவது குடுத்துப் பாருங்க” என்றார் இன்னொருவர்.

முதலாளி சிரிக்கவில்லை. வண்டி குதித்து நகர்ந்து, இரண்டு வளைவு இறங்கின பிறகு பேசினார்.

“ஓம்மேல எனக்கு வருத்தமில்ல அப்பு. ஆனா கம்பெனிக்காரன், டிரைவருக்குத்தான் ஓட்டத் தெரியலைங்கிறான். தை பொறந்தா அவனே ஒரு ஆள அனுப்புறானாம். அதுக்குள்ள வண்டி சரியாச்சுன்னா நீ ஓட்டு. இல்லைன்னா ஊருக்குப் போயி வெள்ளாமையப் பாரு.”

ஊரில் எனக்கு வெள்ளாமை கிடையாது. அண்ணன்மார் பங்கு பிரித்தபோது என் பங்கை விற்றுத்தான் லைசென்ஸ் எடுத்தேன். அது அவருக்கும் தெரியும்.

கம்பெனிக்காரன் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. கார்த்திகைக் கடைசியிலேயே ஒருமுறை வண்டியை மதுரைக்குக் கொண்டு போயிருந்தேன். காலையில் மலையிறங்கி, சாயங்காலம் சிலமலையில் வீட்டில் தங்கி, மறுநாள் விடியற்காலம் கிளம்பிப் போனேன். ஒர்க்‌ஷாப் வாசலில் மேசை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். கோளாறு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்வது அவர் சோலி.

“கியர் போட்டா உடனே நகர மாட்டேங்குதுங்க. கொஞ்ச நேரம் நிக்குது.”

“கொஞ்ச நேரம்னா?”

“நாலு சரவணபவ.”

பேனாவை மையில் தோய்த்தபடியே நிமிர்ந்து பார்த்தார். “அத எப்படிய்யா நான் ஃபாரத்துல எழுதுறது?”

மெக்கானிக்கு ஒருவர் வந்தார். நல்ல வெயில் நேரம். கம்பியைப் போட்டார், வண்டி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் எடுத்தார், முன்னால் எடுத்தார், வைகைப் பாலம் வரை போய்வந்தார். வெண்ணெய் மாதிரி ஓடிற்று. இறங்கி, அளவுக் குச்சியை உருவித் துடைத்துப் பார்த்தார்.

“ஆயில் அளவு இருக்கு. கம்பெனி ஆயில்தான ஊத்துறீங்க?”

“அளவு சரியா இருக்கும்படிதான் பாத்துக்கிறேங்க” என்றேன் நான்.

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அதை இப்போது ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

புரட்டாசியில் ஆயுத பூஜைக்கு முன்னால், கியருக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயில் ஒரு தகரம் வாங்க இதே இடத்துக்கு வந்திருந்தேன். தகரத்தை எடுத்துக் கொடுத்த இதே குமாஸ்தா என் கழுத்திலிருந்த உருத்திராட்சத்தைப் பார்த்துவிட்டு, “சாமியாரே, இது திமிங்கலத்துக் கொழுப்புலருந்து எடுக்குறது, தெரியுமா?” என்றார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார் என்று மற்றவன் போயிருப்பான். எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தில் முருகன் படம் மாட்டியிருக்கிறது. வெள்ளி தவறாமல் கற்பூரம் காட்டுகிறேன். அந்தப் படத்துக்குக் கீழே, என் காலடியில், மீன் கொழுப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா? தகரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “மாட்டு வண்டி அச்சுக்கு நம்ம வெளக்கெண்ணெதான போடுறோம். அத ஊத்துனா ஆகாதா?” ஆகும் என்று எனக்கும் பட்டது. அவளே ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, காய்ச்சி, மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிகட்டி ஆறு பாட்டில் கொடுத்தாள். பூஜைக்கு முதல் நாள் குளித்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துத் திருகாணியைக் கழற்றி, வடிகிற மட்டும் பழைய ஆயிலை வடியவிட்டு, நான்கு பாட்டில் விளக்கெண்ணெய் ஊற்றினேன். ஊற்றும்போது சஷ்டி கவசம் சொன்னேன். அன்றைக்கு வண்டி நன்றாகத்தான் ஓடிற்று. புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் ஓடிற்று. அதனால் கோளாறு வந்தபோது எண்ணெயின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சாமிக்காகச் செய்தது கெடுதல் செய்யும் என்று என் புத்தியில் ஏறவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் அதைச் சொல்ல வாயும் வரவில்லை. சிரிப்பார்கள் என்று தெரியும்.

குமாஸ்தா ஃபாரத்தை நீட்டினார். ‘கோளாறு ஏதும் இல்லை. ஓட்டுநருக்கு இவ்வகை வண்டியில் பழக்கம் போதாது’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்தையும் கீழே போடச் சொன்னார். போட்டேன். என்மேலேயே எழுதின பிராதில் நானே கையெழுத்துப் போட்டதுபோல இருந்தது.

முதலாளி தவணை சொன்ன பிறகு, மார்கழி நடுவில் இரண்டாம் முறை போனேன். இந்தத் தடவை வண்டியை ஒரு ராத்திரி உங்களிடமே விட்டு வைக்கிறேன், விடியற்காலையில் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். விடிகிற நேரத்துக்கு நான் வாசலில் போய் நின்றேன். அதே மெக்கானிக்கு போர்வையோடு வந்து கம்பியைப் போட்டார். நான் மனசுக்குள் ‘சரவண’ என்று சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

“அண்ணே, இதுக்கா என் தூக்கத்தக் கெடுத்தீங்க?”

“மலைக்கு ஒரு தடவ வந்து பாருங்க. அங்கதான் நிக்குது. இங்க வந்தா நல்லபிள்ளையா நடிக்குது.”

“என் பொஞ்சாதியும் அப்படித்தாண்ணே, மாமியார் வீட்டுல ஒண்ணு, என் வீட்டுல ஒண்ணு” என்றார். நின்றிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குமாஸ்தாவிடம் போய், யாராவது ஒருவரை மேலே அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

“ஒங்க மொதலாளி மேனேஜருக்கு எழுதணும். மேனேஜர் மெட்ராசுக்கு எழுதுவார். அங்கருந்து உத்தரவு வரணும்.”

“எத்தன நாள் ஆகும்?”

“சித்திரைக்குள்ள வந்திரும்.”

சித்திரையில் மலையிலேயே குளிர் இருக்காது. இதை அவரிடம் சொன்னேன். “அப்ப சரியாப் போச்சு, கோளாறு தானா போயிரும்” என்றார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. ஃபாரத்தில் பழையபடியே எழுதிக் கொடுத்தார்.

திரும்பி மேலே வந்து ஷெட்டில் வண்டியை விட்டபோது ஸ்டோர் பார்க்கிற மலையாளத்துக்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். அவர் ஒருவர்தான் தானாக என்னிடம் பேச்சுக் கொடுப்பவர்.

“எந்தா, கம்பெனியில என்ன பறஞ்சு?”

“ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க.”

“அதுக்குத் தணுப்பு பிடிச்சிருக்கு டிரைவரே. கம்பிளி போத்தி விடு.” குளிரை அவர் தணுப்பு என்பார். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த நாலைந்து நாட்கள் ஒவ்வொரு வேளையும் எண்ணி ஒரு நோட்டில் எழுதினேன். விடிந்ததும் ஒன்பது, பனி கொட்டின அன்றைக்குப் பத்து. வெயில் ஏறின பிறகு மூன்று. அரைமணி ஓடி வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. போடிக்கு இறங்கிவிட்டால் எப்போதும் இல்லை. கோளாறு குளிரில்தான் இருக்கிறது என்பது நிச்சயமாயிற்று. ஆனால் குளிர் வண்டிக்குள் எதைப் பிடிக்கிறது என்று தெரியவில்லை. அதைக் கேட்க ஆளும் இல்லை. எழுதுவேன், மூடி வைப்பேன், கஞ்சி காய்ச்சுவேன். தை பிறக்க எட்டு நாள் இருந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே அறையில் விளக்கேற்றப் போனேன். வீட்டுக்காரி கொடுத்த ஆறு பாட்டிலில் மிச்சம் இரண்டை விளக்குக்கு வைத்திருந்தேன். ஒரு பாட்டிலை எடுத்து அகல்மேல் சாய்த்தேன். எண்ணெய் வரவில்லை. பாட்டிலின் கழுத்து வரைக்கும் வந்து, பாகு மாதிரி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நான் சாய்த்தபடியே நின்றேன். பழக்கத்தில் வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. சரவணபவ, சரவணபவ. எட்டாவதில் தடித்த நூல் மாதிரி இறங்கி அகலில் விழுந்தது.

பாட்டிலைக் கீழே வைத்தேன். திரி போட மறந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து கொண்டேன்.

வண்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. கம்பியைப் போட்டதும் எண்ணெய் ஓடிப்போய்க் கியரைப் பிடிக்க வேண்டும். இந்த எண்ணெய் மலைக்குளிரில் எழுந்து நடக்கவே அத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறது. சூடேறினால் ஓடுகிறது. மதுரையில் எப்போதும் ஓடுகிறது. கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஒரு மாதமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, அவன் எதையும் சரியாகப் பார்க்காமல் எழுதினாலும் எழுதினது நிஜமாகிவிட்டது. கோளாறு டிரைவர்தான்.

ஒன்றும் சொல்லாமல் சரி செய்துவிட வழி இருந்தது. வண்டியைப் போடிக்குக் கொண்டுபோகிற ஒரு நாளில் பஸ்சில் மதுரைக்குப் போகிற யாரிடமாவது சொல்லி ஆயில் தகரம் வரவழைத்து, அடியில் படுத்து நானே மாற்றிவிடலாம். வண்டி நகரும், முதலாளி சந்தோஷப்படுவார். டிரைவர் கெட்டிக்காரன், கம்பெனியே கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்தான் என்று பெயர்கூட வரும். இதையெல்லாம் நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் சாமி படம். விளக்கு ஏற்றாமல் இருட்டாக இருந்தது.

பங்களாவில் முதலாளி பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாய் கொப்பளித்து முடிக்கிற வரைக்கும் நின்றேன். பிறகு தொடக்கத்திலிருந்து சொன்னேன். குமாஸ்தா சொன்னது, தகரத்தை வைத்துவிட்டு வந்தது, விளக்கெண்ணெய், இரண்டு தடவை மதுரையில் கேட்டும் சொல்லாதது, எல்லாம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“ஒரு மாசமா அந்தக் கம்பெனி மேனேஜருக்கு நான் லெட்டர் எழுதி வஞ்சுக்கிட்டிருக்கேன், தெரியுமா ஒனக்கு?”

“தெரியுங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல, ஊத்துறதுக்கு முன்னால?”

“கேட்டிருந்தா நீங்களும் மனசு சங்கடப்படுவீங்கன்னு...”

அவர் துண்டை எடுத்து நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. எனக்கு அந்த நேரத்தில் எண்ணுகிற தைரியம் இல்லை.

“போ. வெரசாப் போயி எண்ணெய மாத்திக் கொண்டா. நாளன்னிக்கு விடியக்காலை நான் ஏறி உக்காருவேன். அப்பப் பாப்போம்.”

அன்றைக்கே இறங்கினேன். மறுநாள் மதுரையில் அந்த மெக்கானிக்கிடம் நேராகப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. திருகாணியைக் கழற்றி, வடிந்ததை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். உடனே ஒர்க்‌ஷாப்பில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார்.

“ஏய், இங்க வாங்கடா. வண்டிக்கு அண்ணன் பேதிக்குக் குடுத்திருக்காரு.”

வரிசையாக வந்து மோந்து பார்த்தார்கள். குமாஸ்தாகூட மேசையை விட்டு வந்தார். நான் அவரிடம் கேட்டேன்.

“நீங்க சொன்னது நெசமா? அதுல திமிங்கலம் இருக்கா?”

அவர் முகம் கொஞ்சம் மாறிற்று. “யாரோ சொன்னாங்க, நானும் சொன்னேன். இருந்தாலும் இருக்கும். எனக்கு என்னத்தத் தெரியும்” என்றார். மெக்கானிக்கு மட்டும், “அண்ணே, வண்டி அது திங்கிறதத்தான் திங்கும். நீங்க சைவமா இருங்க, அது இருந்துட்டுப் போகட்டும்” என்றார். கேலி பண்ணினவர்தான், ஆனாலும் மூன்று தடவை வடித்து வடித்துக் கழுவி, புது ஆயில் ஊற்றிக் கொடுத்தார். ஊற்றுகிற வரைக்கும் முருகன் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன்.

சொன்ன நாள் விடியற்காலை நல்ல பனி. முதலாளி மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து ஏறினார். கம்பியைப் போட்டேன். ‘ச’ என்பதற்குள் வண்டி நகர்ந்தது. நிறுத்தி, திரும்பப் போடச் சொன்னார். நகர்ந்தது. மூன்றாம் தரமும் போடச் சொன்னார்.

“படம் எங்கப்பா?”

“ரூம்ல இருக்குங்க. அந்தப் புது ஆயில்ல என்ன கலந்திருக்கோ தெரியல, அதான்...”

“கொண்டா. இந்த மலையில அவர் இல்லாம எவன் எறங்குறது?”

போய் எடுத்துவந்து மாட்டினேன். அவர் சொல்லி மாட்டியதால் சரி என்றும் எனக்குப் படவில்லை, தப்பு என்றும் படவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். “கம்பெனிக்கு ஆள் வேண்டாம்னு எழுதிர்றேன். ஆனா இனி பானட்டுத் தெறக்கணும்னா எங்கிட்டச் சொல்லிட்டுத் தெற” என்றார். சரிங்க என்றேன். மலையிறங்குகிற வரைக்கும் அவர் வேறொன்றும் பேசவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கும் ஏதாவது பேசிக்கொண்டு வருவார். அந்தப் பேச்சு அப்புறம் பழையபடி வரவேயில்லை.

பொங்கலுக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார். அவரைப் போடி வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியோடு ஊருக்குப் போனேன். எண்ணெய் எப்படி இருந்தது என்று வீட்டுக்காரி கேட்டாள். விளக்குக்கு ரொம்ப நல்லாயிருந்தது என்றேன். மறுநாள் காலையில் கிளம்பும்போது மகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் குளிர்காலத்தில் அப்பா மூன்று தடவை வண்டி ரிப்பேர் என்று மதுரைக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வந்து தங்கினார் என்பதுதான். அதற்கு முந்தின வருஷம் தை வரைக்கும் நான் ஒரு தடவைகூட வந்ததில்லை.

“அப்பா, திரும்ப எப்பப்பா வண்டி கெட்டுப் போகும்?”

“இனிமே கெடாது ஆத்தா. நல்லாக்கிட்டோம்.”

“நெசமாவா?”

“நெசமா.”

அவள் அம்மாவிடம் உள்ளே போய்விட்டாள். நான் கம்பியைப் போட்டேன். வண்டி உடனே நகர்ந்தது.